அவன் பெயரில் வந்த நாய்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே சில வருஷங்கள் போய்விட்டன. பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே முதல் வரி வராது. மாவு அரைக்கவோ துணி எடுக்கவோ எழுந்து போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை, எழுத்துப் பிழை வருமே என்ற கூச்சம் ஒன்று. வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவனைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதினால் குடும்ப மானம் போகும் என்று அவர் சொன்னது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, முருகன் படத்துக்குத் தினமும் விளக்கு வைக்கிறவள் இவ்வளவு ஆத்திரத்தோடு எழுதலாமா என்ற பயம். ஆத்திரம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை. இனி ஆறாது என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்திருக்கிறேன். சுவாமி பொறுத்துக்கொள்ளட்டும். கொழுந்தன் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்போது நாங்கள் கேரளத்தில், தம்பானூர் பக்கத்தில் ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு சைவ ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். சாம்பாரும் ரசமும் அவர் கையில். நான் ஒரு ஃபிளாட்டில் இரண்டு வீட்டுக்குச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதில் ஒரு வீட்டம்மா பேங்கில் ஆபீசர், மலையாளி, தனியாக இருப்பவர். துணைக்கு ஒரு லாப்ரடார் நாய், கன்றுக்குட்டி அளவு. அவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். அந்த நாய் முதல் நாளே என் சேலைத் தலைப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. எனக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு ஜீவன் நம் தலைப்பில் தலை வைத்துத் தூங்கினால் மனசுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த அம்மா சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி வேறொருவர் என்று நாய்கள் வர ஆரம்பித்தன. கீழ்வீட்டு ஓனர் முறைக்க ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் மீன் கூட வாங்க மாட்டோம். நாய்க்குக் கோழி வேகவைக்க வேண்டுமே என்று மொட்டை மாடியில் தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்தேன். அந்த வாசத்துக்கும் சண்டை வந்தது.

கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு வாடகைக்கு இருந்தது. சுற்றி மதில், இரும்பு கேட், உள்ளே ஒரு மாமரம், நாய் ஓட முற்றம். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. அட்வான்ஸ் பெரிய தொகை. அந்த வீட்டு முதலாளியம்மா, "ஓணம் கழியும் வரைக்கும் நோக்குவேன். அது கழிஞ்சா வேற ஆளுக்கு" என்று சொல்லியிருந்தார்.

என் கொழுந்தனுக்குத் தம்பானூரில் மொபைல் கடை. ரீசார்ஜ், கவர், ரிப்பேர் எல்லாம் உண்டு. பேச்சில் தேன் வடியும். அவன்தான் சொன்னான்.

"மதினி, நீங்க இப்படி வாய் வழியா ஆளு புடிச்சா எப்போ அட்வான்ஸ் சேரும்? இப்போ நாய் பாத்துக்கிடுததுக்குப் போன்ல ஆப்பு இருக்காக்கும். நான் உங்களை அதுல ஏத்தி விடுதேன். போட்டோ மட்டும் தாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

லாப்ரடாரோடு நான் சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்றைக் கொடுத்தேன். அவன் போனில், அவன் ஆதாரில், அவன் பேங்க் கணக்கில் எல்லாம் பதிந்தான். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அவனுக்கு நாய் என்றால் ரோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் போகிற பயம். ஆனால் அந்த ஆப்பில் அவன் பெயருக்குக் கீழே, நாய்களோடு வளர்ந்தவன், நாய்கள் என் பிள்ளைகள் என்று எழுதியிருந்தானாம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். அவன் பெயரும் என் முகமும். நாயைக் கொண்டுவந்து விடுகிறவர்கள், அவனை என் மகன் என்று நினைத்து, "மகன் சுகமாயிருக்கானா?" என்று என்னிடம் கேட்பார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று புரியாமல் நானும் சிரித்துவைப்பேன்.

பழைய நாய்க்காரர்களையும் அதிலேயே பணம் கட்டச் சொன்னான். வேலை வந்து குவிந்தது. ஆனால் கையில் நிற்கவில்லை. கேட்டால் அவன் சொல்வான்:

"நூத்துக்கு அம்பது பிளாட்ஃபார்ம் ஃபீ மதினி. கம்பெனி எடுக்குததாக்கும். கமிஷன் இருக்கு, டாக்ஸ் இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு. நாய் யாரையும் கடிச்சா கம்பெனிதானே பாக்கணும்? பெரிய பெரிய ஆளுக்கெல்லாம் இதே ரேட்டுதான்."

வீட்டுக்காரர் ஹோட்டலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பிளாட்ஃபார்ம் டிக்கெட்டுக்குப் பாதி சம்பளமா? பத்து ரூவா குடுத்தா ஸ்டேஷன்ல ரயிலையாவது பாக்கலாம்" என்பார். அண்ணனும் தம்பியும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

நான் அந்தக் கம்பெனியைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத கம்பெனி. நாய் கழிந்ததைத் துடைக்கிறது நான், மழையில் நனைந்து நடத்திக் கொண்டுபோவது நான், பாதியை விழுங்குவது கம்பெனி என்று, விளக்கு வைக்கும்போது கூட முணுமுணுப்பேன். இவ்வளவு செய்தும் ஒரு நாய்க்காரரும் கையில் பத்து ரூபாய் சந்தோஷமாக வைத்ததில்லையே என்று அவர்கள் மேலும் கோபம். பாஷாணம் தின்ற எலியைத் தூக்கிக்கொண்டு வந்த பீகிள் நாயின் வாயைத் திறந்து நான் பிடுங்கிப் போட்டேன். அதன் முதலாளி ஒரு நன்றியோடு போய்விட்டார். பணக்காரன் கை இறுகின கை என்று சந்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஒரு நாள் பேங்க் அம்மா வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டார்.

"சேச்சி, ஒரு காரியம் கேக்கட்டே? கோபப்படாண்டாம். ஞான் இவ்வளவு பைசா அடைக்கிறேன். சேச்சி இப்பவும் பஸ் கூலிக்கு நாணயம் எண்ணுறது எதுக்கு?"

"பாதியைக் கம்பெனி புடிச்சுக்கிடுதுல்லா அம்மா."

"பகுதியா? ஆரு பறஞ்சு?"

தோசைக் கரண்டியோடு போனேன். அவர் போனில் ரசீதைத் திறந்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கிற பெண்களுக்கு உதவும்.

நாய்க்காரர் நூறு ரூபாய் வேலைக்கு நூற்றுப் பத்து கட்டுகிறார். மேலே உள்ள அந்தப் பத்து கம்பெனி நாய்க்காரரிடம் தனியாக வாங்குவது. அது நம் பங்கில் வராது, நம் பங்கிலிருந்து போகவும் செய்யாது. நூறில் இருபது கம்பெனிக்கு. அந்த இருபதுக்கு வரி மூன்று ரூபாய் சொச்சம். இன்ஷூரன்ஸ் என்று தனியாக ஒன்றும் இல்லை, அதுவும் இருபதுக்குள்ளே. மிச்சம் எழுபத்தாறு ரூபாய் சொச்சம், நாயைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. கம்பெனி பிடிப்பது அவ்வளவுதான். அதுவும் கொஞ்சமில்லை. ஆனால் ஐம்பது இல்லை.

"அப்போ மிச்ச இருபத்தாறு?"

அவர் ரசீதில் கீழே இன்னொரு வரியைக் காட்டினார்.

"இது டிப்பு. சந்தோஷத்துக்குக் கொடுக்கிறது. இதிலே கம்பெனி ஒரு பைசா எடுக்கூலா. முழுசும் சேச்சிக்காணு. ஞான் எல்லாத் தடவையும் இட்டிருக்கேன். கிட்டியில்லே?"

அடுப்பில் தோசை கருகியது. நான் எடுக்கவில்லை.

பீகிள்காரரிடம் அந்த அம்மாவே போன் போட்டுக் கேட்டார். அவரும் போட்டிருக்கிறார். எலியைப் பிடுங்கிய அன்று, ஒரு புடவை வாங்குகிற அளவு போட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நேரே கடைக்குப் போனேன். அவன் ஒரு போனின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கம்பெனி நூத்துக்கு எவ்வளவு எடுக்கு?"

"அம்பது."

"இன்னொரு தடவை சொல்லு. முருகன் மேல சத்தியமா சொல்லு."

தலையைத் தூக்கிப் பார்த்தான். வெட்கப்படுவான் என்று நினைத்தேன். சிரித்தான்.

"யாரோ சொல்லித் தந்திருக்காங்க போல. சரி மதினி. கம்பெனி எடுக்கது கொஞ்சம், நான் எடுக்கது கொஞ்சம். நானும் ஒரு பிளாட்ஃபார்ம்தானே? போன் என்னது, கணக்கு என்னது, பேரு என்னது. நான் இல்லைன்னா உங்களை யாருக்குத் தெரியும்? நாய்க்கு மட்டும் தெரியும்."

"டிப்பும் உனக்கா?"

"அது எனக்கு வந்த டிப்பு. எம்பேர்லதானே வந்துது? பேரு பாருங்க."

கடையில் நின்ற ஒருத்தன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் ரசத்துக்குப் புளி கரைக்கிறவர் மாதிரி விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, "சின்னப் பய. கூடப்பிறந்தவன். போட்டும், கேட்டு வாங்கித் தாறேன்" என்றார்.

"வேண்டாம். நீங்க ஒண்ணும் கேக்காண்டாம்" என்றேன். கேட்டு வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும். எனக்குத் தீரக்கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளித்து, பக்கத்துச் சுப்பிரமணிய சுவாமி கோவிலுக்குப் போனேன். கேரளத்துக் கோவில்களில் வழிபாட்டுக்கு விலைப் பலகை தொங்கும். அதில் சத்ரு சம்ஹார புஷ்பாஞ்சலி என்று ஒரு வரி உண்டு. எதிரி தொல்லை ஒழிய முருகனுக்குச் செய்யும் பூ அர்ச்சனை. இத்தனை வருஷம் அந்த வரியைத் தாண்டிப் பாயசத்துக்குத்தான் பணம் கட்டியிருக்கிறேன். அன்று அதற்குக் கட்டினேன்.

"பேரு? நாளு?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். இங்கே நாள் என்றால் பிறந்த நட்சத்திரம்.

கொழுந்தன் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் அவிட்டம். எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவன் பிறந்த நாளுக்கு இதே கவுண்டரில் பாயசத்துக்குச் சீட்டு எழுதியவள் நான்தானே. அவர் எழுதினார். ரசீதை மடித்துச் சன்னதி நடையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி நின்று, சுவாமி, ஆளைக் காட்டிவிட்டேன், இனி உன் வேல் பாடு என்று வேண்டினேன்.

இப்படிப் பல செவ்வாய்க்கிழமைகள். வேலையை நான் விடவில்லை. விட்டால் அட்வான்ஸுக்கு அந்த ஐம்பதும் இல்லை. காத்திருந்தேன், அவன் கடை எரியுமா, காலாவது ஒடியுமா என்று. மறைக்கவில்லை, அப்படித்தான் காத்திருந்தேன்.

ஆனால் நடந்தது வேறு. அவன் கடைக்குப் புதுக் கண்ணாடி, புது லைட்டு. புது பைக் எடுத்தான். பக்கத்துக் கடை இவன் விலைக்கு வந்தது. எனக்கோ படியில் கால் பிசகி வீங்கியது. கீழ்வீட்டு ஓனர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். ஒரு நாய் என் ஒரே நல்ல செருப்பைத் தின்றது. கொழுந்தன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, "இப்போ என் சமயம் நல்லாருக்கு மதினி. தொட்டதெல்லாம் துலங்குது. யாரோ எனக்காகப் பிரார்த்தனை செய்யுத மாதிரியாக்கும் இருக்கு" என்றான். அவன் குடித்து வைத்த காப்பி டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிரசாதத்துக்கு நின்றேன். போற்றி, அதாவது பூசை செய்கிறவர், வாழையிலைத் துண்டில் பூவும் சந்தனமும் வைத்து ஒவ்வொரு நாளாகச் சொல்லிக் கூப்பிடுவார்.

"அவிட்டம்!"

கை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வாரா வாரம் வருகிறவள்.

"அவிட்டம் ஆரு? மகனா?"

"இல்ல போற்றி. எதிரி."

அவர் கையில் இருந்த இலை அப்படியே நின்றது. "எதிரியா? எதிரிக்கு வேண்டியா இத்ற நாளும் நிங்ஙள் புஷ்பாஞ்சலி செய்தது?"

"எதிரியோட பேரைச் சொன்னாத்தானே சுவாமிக்கு ஆளு மனசிலாகும்?"

"என்டெ அம்மா!" என்று போற்றி நெற்றியில் கை வைத்தார். "ஆருடைய பேரும் நாளும் பறயுதோ அவங்களுக்காணு பலன். அவங்களோட சத்ருவைத்தான் முருகன் சம்ஹாரம் செய்யும். நிங்ஙள் அவன்ற சத்ருவை ஒழிக்கான் பைசா அடைச்சு நிக்குதீங்க. அவன்ற சத்ரு ஆராணு?"

யார் என்று அவரிடம் சொல்ல வேண்டுமா? வீங்கின காலோடு அவர் முன்னால்தானே நின்றேன்.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போற்றிக்கு மட்டும் என் மேல் இரக்கம் வந்தது. "சாரமில்லம்மா, போகட்டும். சத்ரு என்னு பறஞ்சா நம்முடைய உள்ளிலுள்ள கோபமும் ஆசையும்தான். அதை ஒழிக்கான் வேண்டிக்கோ" என்றார்.

"உள்ள இருக்கதை அப்புறம் பாத்துக்கிடலாம் போற்றி. வெளிய இருக்கவன் இப்போ புது பைக்ல போறான்."

பலிக்கல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சுவாமி மேல் பிழை இல்லை. அவருக்கு என்ன எழுதிக் கொடுத்தேனோ அதைச் செய்தார். நாய்களும் அப்படித்தான். குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான், அவன் பெயரில் செய்தேன், அவனுக்குப் போயிற்று. கம்பெனிக்கும் சுவாமிக்கும் சீட்டில் உள்ள பெயர்தான் கணக்கு. எழுந்து கவுண்டருக்குப் போய், என் பெயரையும் என் ஆயில்யத்தையும் சொல்லிப் புதுச் சீட்டு எழுதினேன். அதோடு நேரே போய் என் பெயரில் ஒரு சிம் வாங்கினேன்.

அந்த ஆப்பில் என்னை என் பெயரிலேயே சேர்க்க, பேங்க் அம்மா இரண்டு ஞாயிற்றுக்கிழமை எனக்காக உட்கார்ந்தார். என் ஆதார், என் பாஸ்புக், என் முகத்தைக் காட்டி வீடியோவில் கம்பெனிப் பெண் ஒருத்தியோடு மலையாளத்தில் பேசினேன். புதிதாகச் சேருகிறவரைச் சரிபார்க்க ஒரு கட்டணம் உண்டு, ஒரே முறை. அதைக் கட்டினேன். எழுபத்தாறு சொச்சம் எப்படி வருகிறது என்று விரலில் எண்ணிச் சொல்லிக் காட்டினேன். எல்லாம் ஆனபின் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அம்மா, எடுத்த வேலையை வேண்டாம்னு நாம கேன்சல் செஞ்சா?"

அவர் வாசித்தார். நாய்க்காரருக்குப் பணம் முழுசும் திரும்பப் போகும். நாம் அபராதம் கட்ட வேண்டும். நாள் நெருங்கி ரத்து செய்தால் இன்னும் கூடுதல். பண்டிகை நாளில் இரட்டிப்பு. அதை நமக்கு வரவேண்டிய பணத்தில் கம்பெனியே பிடித்துக்கொள்ளும். ஆப்பில் நமக்குப் போடுகிற நட்சத்திரப் புள்ளி இறங்கும், பிறகு வேலை காட்டாது.

"எதுக்கு சேச்சி? கேன்சல் செய்யப் போகுதா?"

"நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

ஓணம் வந்தது. ஓணத்துக்கு ஃபிளாட் ஃபிளாட்டாகப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவார்கள், ரேட்டும் கூடுதல். கொழுந்தன் ஒன்றுவிடாமல் எல்லா நாயையும் அவன் பெயரில் எடுத்துப் போட்டிருந்தான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அந்த ஆப்பில் விலாசம் அவன் வீட்டு விலாசம். ஆனாலும் வழக்கமாக எல்லோரும் எனக்குப் போன் போட்டு என் மாடிக்குத்தான் கொண்டுவருவார்கள். இந்த முறை போன் வந்தபோது நான் சொன்னது ஒன்றே ஒன்று: "ஆப்புல உள்ள விலாசத்துக்குக் கொண்டு போங்க." அதில் பொய் ஒன்றுமில்லை.

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று காலையில் அவன் பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நான் விளக்கு வைத்து, கஞ்சி குடித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பின்னால் ஒரே குரைப்பு.

"மதினி! ஒண்ணு ஓடி வாங்க! நாலு நாய் வந்துட்டு!"

"நாய்கள் உன் பிள்ளைகள்லா தம்பி? எழுதியிருக்கியே."

"விளையாடாதீங்க! ஒண்ணு ஓநாய் மாதிரி இருக்கு!"

"அது ஜெர்மன் ஷெப்பர்டு. பயந்தாத்தான் கிட்ட வரும்."

கோபம் எனக்கு அவன் மேல்தான், நாய்கள் மேல் இல்லை. வேகவைத்த கோழியும் சோறும் தூக்கில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினேன். ஆட்டோவில்தான் போனேன், அன்று பஸ் கூலி எண்ணவில்லை.

அவன் சாப்பாட்டு மேசை மேல் நின்றுகொண்டிருந்தான், வேட்டியை மடித்துக் கட்டி. பீகிள் மூலையில் உட்கார்ந்து ஊளையிட்டது. பக் நாய் அவன் செருப்போடு. லாப்ரடார் ஓணத்துக்கு வாங்கி வைத்த சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. ஷெப்பர்டு மேசைக்கு நேரே படுத்து அவனையே பார்த்தது. நான் உள்ளே வந்ததும் மற்ற மூன்றும் என் காலடியில்.

"முருகா, வந்தீங்களே! கூட்டிட்டுப் போங்க மதினி, உங்களுக்கு நூத்துக்கு அறுபது தாறேன்."

நான் சோற்றைப் பிசைந்து நாலு தட்டில் வைத்தேன். ஷெப்பர்டின் தட்டை மட்டும் அது படுத்திருந்த இடத்திலேயே வைத்தேன்.

"எழுபது!"

"போனை எடு. கேன்சல் அமுக்கு. நாலையும்."

"கேன்சலா? எனக்கு ஃபைன் அடிக்கும் மதினி! ஓணத்துக்கு டபுள்! ஸ்டாரெல்லாம் போயிரும்!"

"அது பிளாட்ஃபார்ம் ஃபீ தம்பி. பெரிய பெரிய ஆளுக்கெல்லாம் இதே ரேட்டுதான்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து நாலு நாய்க்காரருக்கும் என் புது நம்பரிலிருந்து போன் போட்டேன். நாய் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இதுவரை பார்த்துக்கொண்டதும் நான்தான், இனி என் பெயரிலேயே செய்கிறேன், உங்கள் பணம் முழுசும் திரும்ப வரும், முடிந்தால் என் பெயரில் மறுபடி போடுங்கள், முடியாவிட்டாலும் நாயைப் பட்டினி போட மாட்டேன் என்றேன். பேங்க் அம்மா முன்பே அவர்களோடு பேசியிருந்தார். பீகிள்காரர் ரயிலில் இருந்தார். "அன்று எலியை எடுத்தது சேச்சியல்லே? பின்னே எந்தா சம்சயம்?" என்று கேட்டுவிட்டு அங்கிருந்தே போட்டார். ஷெப்பர்டுக்காரர்தான் கொஞ்சம் யோசித்தார். கடைசியில் அவரும் போட்டார்.

ஒவ்வொன்றாக என் போனில் மணி அடிக்க, ஒவ்வொன்றாக அவனை அமுக்க வைத்தேன். மேசையிலிருந்து இறங்க விடவில்லை. அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. ஷெப்பர்டை அங்கிருந்து கூப்பிடாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அபராதம் எவ்வளவு என்று அவன் போனில் சிவப்பாக வரும். வாசிக்கச் சொன்னேன். சத்தமாக. என் வயிற்றில் குளிர்ந்த பால் ஊற்றின மாதிரி இருந்தது. இத்தனை நாள் நான் சபித்த அதே கம்பெனியின் கை அவன் பையில் போவதை உட்கார்ந்து பார்த்தேன்.

"பழைய பைசாவைக் கணக்குப் பாத்துத் தாறேன் மதினி. விட்டிருங்க" என்றான் கடைசியில்.

"வேண்டாம். அது உங்கிட்டயே இருக்கட்டும்."

இன்று வரை வாங்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு முறை கொண்டுவந்து நீட்டினார், அவன் கொடுத்தனுப்பினது என்று. திருப்பி அனுப்பினேன். அவன் மதினி பணத்தைத் தின்றவன், தின்றவனாகவே இருக்கட்டும்.

ஓணம் கழிந்ததும் என் பாஸ்புக்கில், என் பெயரில், டிப்போடு சேர்ந்து பணம் வந்தது. வீட்டுக்காரர் ஹோட்டலில் கொஞ்சம் முன்பணம் கேட்டு வாங்கினார். அது மட்டும் அவர் எனக்குச் செய்த பெரிய காரியம். முற்றத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். வாடகைச் சீட்டை என் பெயரில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு. கேஸ் சிலிண்டர் புத்தகத்தைக் கூட என் பெயருக்கு மாற்றிவிட்டேன்.

கம்பெனி இப்போதும் நூற்றுக்கு இருபதும் வரியும் எடுக்கிறது. அதையும் நான் மன்னித்துவிடவில்லை. ஒவ்வொரு ரசீதிலும் அந்த வரியை முதலில் பார்ப்பேன். ஆனால் அது என்ன எடுக்கிறது என்று எழுதிவைத்து எடுக்கிறது. சிரித்துக்கொண்டே காப்பி குடித்து எடுக்கவில்லை.

பால் காய்ச்சின அன்று நாங்கள் அவனைக் கூப்பிடவில்லை. ஆனாலும் வந்தான், கையில் ஒரு லட்டுப் பெட்டியோடு. கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான். உள்ளே மாமரத்தடியில் மூன்று நாய்கள். வீட்டுக்காரர் எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நானே போனேன்.

"மதினி, நாய் கட்டியிருக்கா?"

"இல்ல."

"ஒண்ணு கட்டுங்களேன். உள்ள வந்துட்டு உடனே போயிருதேன்."

"அது பழகின ஆளுக்கு ஒண்ணும் செய்யாது தம்பி."

கொஞ்ச நேரம் நின்றான். வெயில். பெட்டியை மதில் மேல் வைத்துவிட்டுப் போனான். நான் அதைத் தொடவில்லை. காக்கை கொத்தியது, எறும்பு வந்தது. வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் தம்பியைப் பார்க்கப் போய்விட்டார். போகட்டும், கூடப்பிறந்தவன். நான் போகமாட்டேன்.

இன்னும் செவ்வாய்க்கிழமை தோறும் ஆயில்யத்துக்குச் சீட்டு எழுதுகிறேன். போற்றி என்னைக் கண்டால் சிரிப்பார். "இப்போ உள்ளே உள்ள சத்ருவுக்கா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல போற்றி" என்பேன். சுவாமி என் மனசைப் பார்க்கிறார், அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான் ஒளித்து வைக்கவில்லை.

இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி இன்னொருவர் போனில், இன்னொருவர் பெயரில் உழைத்துக்கொண்டிருந்தால் இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், வாசிக்கத் தெரியாதவளுக்கு வாசித்துச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்த வேண்டாம். எழுபத்தாறு சொச்சத்தை எண்பது ஆக்க வேண்டாம். நான் தப்பாகச் சொன்ன நட்சத்திரத்தை மறைக்க வேண்டாம். முக்கியமாக, கேட்டைத் திறந்தேன் என்றோ, அவனை உள்ளே கூப்பிட்டு லட்டைப் பங்கு போட்டுத் தின்றோம் என்றோ யாரும் நல்ல மனசோடு சேர்த்துவிடாதீர்கள். நான் திறக்கவில்லை. அப்படியே சொல்லுங்கள்.